ஐயாயிரம் ரூபாய்க்குள் ட்ரோலிங் ரீல்: நம்ம டேம் தண்ணிக்கு எது போதும்?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பழைய கயாக் ஒண்ணு வாங்கியிருக்கேன். துடுப்புப் போட்டுக்கிட்டே பின்னாடி லூரை, அதாவது போலி இரையை, இழுத்துட்டுப் போற ட்ரோலிங் பண்ணலாம்னு ஆசை. நல்ல தண்ணி மட்டுந்தான், கடலுக்குப் போறதில்ல. கையில ஐயாயிரம் இருக்கு. யூடியூப்ல பாத்தா எல்லாரும் தூண்டில் நரம்பு எவ்வளவு வெளிய போச்சுன்னு எண்ணிக் காட்டுற லைன் கவுண்டர் ரீல்தான் வேணுங்கறாங்க. அது இல்லாம முடியாதுங்களா? எங்கிட்ட இப்ப 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் இருக்கு. கல்ஃப்ல இருந்து வந்தவர் ஒருத்தர் பழைய ட்ரோலிங் ரீல் ஒண்ணு தர்றேங்கறார், அதை வாங்கலாமா?"

தம்பி, லைன் கவுண்டர் வேண்டாம். அந்தப் பணத்தை டிராக் (மீன் இழுத்தால் நரம்பை அறாமல் நழுவவிடுகிற பிரேக்) நன்றாக உள்ள, சத்தமாகக் கிளிக்கர் (நரம்பு ஓடினால் கரகரக்கிற குமிழ்) அடிக்கிற, லெவல் விண்டு (நரம்பைச் சீராகப் பரப்பிச் சுற்றுகிற கண்) வைத்த உருண்டை ரீல் ஒன்றில் போடுங்கள். மிச்சத்தை நரம்புக்கும் ராடு ஹோல்டருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் செலவு அதுதான். ரீல் அடுத்த மாதம் வரட்டும், அதுவரை கையில் இருக்கிற ஸ்பின்னிங் ரீலே ஓடும்.

நீங்கள் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் எடுத்தவை. அங்கே சால்மன், லேக் ட்ரவுட், வால்ஐ என்கிற மீன்கள் எல்லாம் ஆழத்தில் நிற்கும். ஒரே படகில் ஏழெட்டு ராடு கட்டி மோட்டாரில் இழுப்பார்கள். ஒரு ராடில் மீன் அடித்ததும், மற்ற ராடுகளையும் அதே நீளத்துக்கு விட வேண்டும். அதற்கு எத்தனை அடி நரம்பு வெளியே போயிருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். கவுண்டர் பிறந்தது அந்தத் தேவைக்காக. நீங்கள் ஒரு ராடு, மிஞ்சிப்போனால் இரண்டு ராடு வைத்து, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் லூரை ஓட்டப் போகிறீர்கள். கிராங்க்பெய்ட், அதாவது முன்னால் உதடுபோல ஒரு தட்டு நீண்டிருக்கிற மீன் வடிவ லூர், எவ்வளவு ஆழம் போகும் என்பது அதன் உதட்டின் நீளத்தாலும், நரம்பின் தடிமனாலும், பின்னால் விட்ட தூரத்தாலும் தீர்மானமாகிறது. இந்த மூன்றையும் கவுண்டர் இல்லாமலே கட்டுக்குள் வைக்க முடியும்.

கவுண்டர் காட்டுகிற எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. உள்ளே இருக்கிற பல்சக்கரம் எண்ணுவது ஸ்பூலின், அதாவது நரம்பு சுற்றியிருக்கிற உருளையின், சுற்றுகளை. நரம்பின் நீளத்தை அது அளப்பதில்லை. ஸ்பூல் விளிம்புவரை நிரம்பியிருந்து அதன் விட்டம் 50 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 157 மி.மீ. நரம்பு போகும். நீங்கள் காசு மிச்சம் பிடிக்கக் குறைவாக நரம்பு சுற்றி, விட்டம் 40 மி.மீ. ஆகிவிட்டால் ஒரு சுற்றுக்கு 126 மி.மீ.தான். கவுண்டர் 30 மீட்டர் என்று சொல்லும்போது தண்ணீரில் இருப்பது 24 மீட்டர். மலிவான கவுண்டர் ரீலை வாங்கி, அதில் அரைகுறையாகப் பிரெய்டு (பின்னல் நரம்பு) சுற்றி, அந்த எண்ணை வைத்து ஆழம் கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கருவி பொய் சொல்லவில்லை, அது கேட்கிற நிபந்தனையைத்தான் யாரும் நிறைவேற்றுவதில்லை.

கவுண்டருக்குப் பதில் செய்யக்கூடியது எளிது. வீட்டு முற்றத்திலோ வயல் வரப்பிலோ நரம்பை நீட்டி, பத்து மீட்டருக்கு ஒரு முறை அழியாத மார்க்கரால் கை அகலத்துக்குக் கறுப்புப் பட்டை போடுங்கள். முதல் பத்துக்கு ஒரு பட்டை, இருபதுக்கு இரண்டு, முப்பதுக்கு மூன்று. பிரெய்டில் மை சில மாதத்தில் மங்கும், மறுபடி போட்டால் போயிற்று. நரம்பை வெளியே விடும்போதும் லெவல் விண்டின் கண் இப்படியும் அப்படியும் நகர்கிற வகை ரீலாக இருந்தால் அதுவும் ஒரு அளவுகோல். அது இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போக எத்தனை மீட்டர் நரம்பு இறங்குகிறது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், தண்ணீரில் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

ரீலுக்குள் போவதற்கு முன் மீனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம்ம அணைகளில் விட்டு வளர்க்கிற கட்லா, ரோகு, மிர்கால் எதுவும் ஓடுகிற லூரைத் துரத்துகிற மீன்கள் அல்ல. ஜிலேபியும் அப்படித்தான். இவற்றுக்காக ட்ரோலிங் ரீல் வாங்கினால் பணம் வீண். விரால் லூரை அடிக்கும். ஆனால் அது கிடப்பது பாசிக்குள், கரையோரப் புல்லுக்குள். அங்கே ரப்பர் தவளையை வீசுவதுதான் வழி, இழுத்துப்போக இடமே இருக்காது. ட்ரோலிங்கில் உங்களுக்குக் கிடைக்க வாய்ப்புள்ள நன்னீர் மீன் என்றால் வாளைதான் முதலில். ஆற்று வாளை, மலையாளத்தில் ஆற்றுவாள என்பது. பெரிய வாய், சின்ன மீனைத் துரத்தித் தின்கிற சுபாவம், வெளிச்சம் மங்கினால் சுறுசுறுப்பு. உலக அளவில் அருகிவருகிற மீன்களின் பட்டியலில் அது இடம்பிடித்துவிட்டது. ஆகவே பெரிய வாளை வந்தால் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு தண்ணீர் வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதி. குட்டநாட்டு நெல்லுக்குள் உப்பு ஏறாமல் இருக்க, தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை டிசம்பர் வாக்கில் அடைப்பார்கள், கோடை முற்றும்போது திறப்பார்கள். அடைத்திருக்கும் காலத்தில் தெற்கே நல்ல தண்ணீர், வடக்கே உப்புத் தண்ணீர். கொடுவா, மலையாளத்தில் காளாஞ்சி, இரண்டிலும் வாழும். கயாக்கில் ட்ரோலிங் பழகுகிறவர்கள் கடைசியில் அந்தக் கொடுவாவைத் தேடித்தான் போகிறார்கள். நீங்களும் போவீர்கள். அதனால் "நல்ல தண்ணி மட்டுந்தான்" என்று நீங்கள் சொன்னாலும், கொஞ்சம் உப்பைத் தாங்குகிற ரீலாகப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இப்போது டிராக். ரீல் வாங்குகிறவர்கள் பெட்டி மேல் எழுதியிருக்கிற "மேக்ஸ் டிராக் 15 கிலோ" என்பதைப் பார்த்து மயங்குகிறார்கள். உங்களுக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. கயாக் இலேசான படகு. மீன் இழுத்தால் கயாக்கே நகர்ந்துபோகும், படகே பாதி டிராக் வேலையைச் செய்யும். ஏழெட்டுக் கிலோ இறுக்கி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு பெரிய மீன் இழுத்தால் கவிழ்வது நீங்கள்தான். பொதுவான கணக்கு இது: நரம்பு அறும் எடையில் காலிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை டிராக் வைக்க வேண்டும். 20 பவுண்டு நரம்பு என்றால் சுமார் 9 கிலோ. அதில் கால்பங்கு இரண்டேகால் கிலோ, மூன்றில் ஒன்று மூன்று கிலோ. ஆக உங்கள் ரீல் ஐந்து கிலோவரை நிதானமாகக் கொடுத்தால் தாராளம். நீங்கள் காசு கொடுக்க வேண்டியது அந்த இரண்டு மூன்று கிலோவில் அது எவ்வளவு வழுவழுப்பாகக் கிளம்புகிறது என்பதற்கு.

அதைக் கடையிலேயே சோதிக்கலாம். லக்கேஜ் நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு, அல்லது பழைய வில் தராசு ஒன்று கொண்டுபோங்கள். ரீலில் கொஞ்சம் நரம்பு சுற்றித் தரச் சொல்லி, நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டுங்கள். ஒருவர் ரீலை மேசையில் அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் மெதுவாக இழுத்து, இரண்டு கிலோவில் நரம்பு ஓடுகிற மாதிரி, கைப்பிடிக்கு அடியில் டிராக்கை இறுக்குகிற நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். அப்புறம் நிறுத்தி, ஒரு நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி மெல்ல மெல்ல இழுத்துத் தராசைக் கவனியுங்கள். நல்ல ரீலில் எண் ஏறி இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டியதும் ஸ்பூல் நழுவத் தொடங்கும், பிறகு எண் அங்கேயே நிற்கும். மோசமான ரீலில் இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றரை என்று ஏறிக்கொண்டே போய், திடீரென்று 'டக்' என்று விட்டு, ஒன்றரைக்கு விழும். மறுபடி ஏறும், மறுபடி விழும். அந்த 'டக்'கில்தான் மீனின் வாயில் முள் குத்திய துளை பெரிதாகிறது, முடிச்சு அறுகிறது. ட்ரோலிங்கில் இது இன்னும் முக்கியம். மீன் அடிக்கிற நேரத்தில் உங்கள் கை துடுப்பில் இருக்கும், படகு முன்னே போய்க்கொண்டிருக்கும், முதல் இழுப்பை வாங்குவது ரீல் மட்டுமே. அணைகளில் மூழ்கிய மரக்கட்டைகளில் லூர் மாட்டும்போதும் இதே கதைதான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், உள்ளே அடுக்கியிருக்கிற வாஷர்களிலிருந்து. மலிவு ரீல்களில் எண்ணெயில் ஊறிய ஃபெல்ட் வாஷர் இருக்கும். அது கெட்டதல்ல, குறைந்த இழுவையில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காய்ந்துபோனாலோ, அதிகம் இறுக்கிச் சூடேறினாலோ திக்கும். கார்பன் ஃபைபர் வாஷர் சூட்டைத் தாங்கும், கிளம்புவதும் வழுவழுப்பு. விலை கொஞ்சம் கூடினாலும் கார்பன் உள்ளதையே எடுங்கள். பல ரீல்களுக்குக் கார்பன் வாஷர் தனியாகவும் கிடைக்கிறது. பக்கத் தட்டைக் கழற்றினால் பெரிய கியருக்குள் தோசைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், மாற்றுவது கால்மணி நேர வேலை. அதற்கென்றே விற்கிற டிராக் கிரீஸ் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். வீட்டில் கைக்கெட்டுகிறது என்று தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் நம்ம பக்கத்தில் அதிகம். மார்கழிக் காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைவதைப் பார்க்கிறோமே, அது ரீலுக்குள்ளும் உறையும். எண்ணெய் கெட்டுப் பிசினாகிவிட்டால் அதைச் சுரண்டி எடுக்கிற பாடு தனி.

டிராக் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. நரம்பு வெளியே போகப் போக டிராக் தானாக இறுகும். நட்சத்திரச் சக்கரத்தைத் தொடாமலே. ஸ்பூல் நிறைந்து 50 மி.மீ. விட்டத்தில் நீங்கள் 2.4 கிலோ வைத்திருந்தால், மீன் ஓடி விட்டம் 40 மி.மீ. ஆகும்போது அது 3 கிலோ ஆகிவிடும். 25 மி.மீ.க்கு இறங்கினால் இருமடங்கு. மீன் தூரமாக ஓடியதும் பதற்றத்தில் டிராக்கை இன்னும் முறுக்குகிறார்களே, அது செய்யக்கூடாத காரியம். அந்த நேரத்தில் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

லீவர் டிராக், நட்சத்திர டிராக் என்று இரண்டு வகை உண்டு. லீவர் வகை கடல் சூரைக்காரர்களுக்கு. உங்கள் விலைக்கு நட்சத்திரமே சரி.

அடுத்தது கிளிக்கர். கயாக்கில் ராடு உங்கள் முதுகுக்குப் பின்னால் ஹோல்டரில் நிற்கும். மீன் அடிப்பதை நீங்கள் பார்க்க முடியாது, கேட்க வேண்டும். பக்கத் தட்டில் சின்னக் குமிழ் ஒன்றைத் தள்ளினால் ஸ்பூல் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறதே, அதுதான். தாழ்வான உருவத்தில் வருகிற பெய்ட்காஸ்டர் ரீல்கள் பார்க்க அழகு, கைக்கும் அடக்கம், ஆனால் அவற்றில் பெரும்பாலும் இது இருக்காது. கடையில் கிளிக்கரைப் போட்டு நரம்பை இழுத்துப் பாருங்கள். காற்றடிக்கிற திறந்த தண்ணீரில் கேட்குமா என்று யோசியுங்கள். அந்தக் குமிழ் தானாக நழுவி அணைந்துவிடுகிறதா என்றும் பாருங்கள், மலிவு ரீலில் அது ஒரு வழக்கமான கோளாறு.

காற்று என்றதும் சொல்ல வேண்டியது. நம்ம ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. மலைத்தொடர் அங்கே அகலமாக வாய் பிளந்து நிற்பதால், மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வருகிற காற்று அதன் வழியாகப் பாயும். வாளையார், மலம்புழா, மீன்கரை எங்கே போனாலும் பகல் ஏற ஏற அது படகைத் தள்ளும். ட்ரோலிங்குக்கு மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வேகம் போதும். காற்றோடு போகும்போது துடுப்பே போடாமல் அந்த வேகம் வரும், திரும்பி வருவதற்குள் தோள் கழன்றுவிடும். ஆகவே முதலில் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டுப் போய், காற்றோடு திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கரைக்காற்று உங்களை நடுத்தண்ணீருக்குத் தள்ளுகிற நாளில் இறங்கவே வேண்டாம்.

லெவல் விண்டு, அதாவது சுற்றும்போது நரம்பை இடமும் வலமுமாகப் பரப்பிவிடுகிற கண். கடல்காரர்கள் அதை வேண்டாம் என்பார்கள், உடையக்கூடிய உறுப்பு என்று. கயாக்கில் ஒரு கையால் ராடைப் பிடித்து மறுகையால் சுற்றும்போது, கட்டைவிரலால் நரம்பைப் பரப்ப உங்களுக்கு இன்னொரு கை கிடையாது. எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணை ஓட்டுகிற முறுக்குக் கம்பியில் மட்டும் மணல் சேராமல் பார்த்துக்கொண்டால் பல வருடம் ஓடும்.

கியர் விகிதத்தில் என் கருத்து வீடியோக்காரர்களிடமிருந்து மாறுபடும். அவர்கள் 4:1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் நான்கு சுற்று) போதும் என்பார்கள், ஆழத்தில் இழுவை அதிகமான லூரைச் சுற்ற அது சுலபம் என்று. உண்மைதான். ஆனால் நம்ம தண்ணீரில் சில நிமிடத்துக்கு ஒருமுறை லூரைக் கிட்டே இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டிவரும். அணையில் பாசி, காயலில் ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கப் பாயலும். ஒரு இலை மாட்டினாலே லூர் ஆடாது, ஆடாத லூரை எந்த மீனும் திரும்பிப் பார்க்காது. முப்பது மீட்டரைத் திரும்பத் திரும்பச் சுற்ற 5:1 வாக்கில் இருப்பது கைக்கு நிம்மதி. ஏழுக்கு மேல் வேண்டாம், மீன் வந்தால் கைப்பிடி திரும்பாது. லூர் சரியாக ஓடுகிறதா என்பதை ராடு நுனியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தால் சுத்தமாக ஓடுகிறது. துடிப்பு நின்றாலோ நுனி வளைந்தே நின்றாலோ குப்பை மாட்டிவிட்டது.

பேரிங் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். "12+1" என்று எழுதியிருப்பதெல்லாம் வீசி எறிகிற ரீலுக்கே அவ்வளவாகத் தேவையில்லை, இழுத்துப்போகிற ரீலுக்குச் சுத்தமாகத் தேவையில்லை. நல்ல பேரிங் மூன்று இருந்தால் போதும்.

சைஸ் விஷயத்தில் எண்ணை நம்பினால் குழம்புவீர்கள். ஒரு கம்பெனியின் 20 இன்னொரு கம்பெனியின் 30 ஆக இருக்கும். பக்கத் தட்டில் எழுதியிருக்கிற கொள்ளளவைப் பாருங்கள். 0.40 மி.மீ. தங்கூசி நரம்பு (நைலான் ஒற்றை இழை) 200 மீட்டர் கொள்கிறது என்றால் அதுவே உங்கள் சைஸ். நீங்கள் பின்னால் விடப்போவது இருபதிலிருந்து நாற்பது மீட்டர். மீன் ஓட அதற்கு மேல் நூறு மீட்டர் இருந்தால் கவலையில்லை. அதைவிடப் பெரிய ரீல் கயாக்கில் சுமை.

நரம்பு தங்கூசியா பிரெய்டா? ஆரம்பத்தில் தங்கூசி. அது இழுத்தால் நீளும், அந்த நீட்சி முதல் அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், மலிவு டிராக்கின் குறையைக் கொஞ்சம் மூடும். விலையும் கம்மி, சிக்கு விழுந்தால் வெட்டி எறிய மனசு வலிக்காது. பிரெய்டு மெல்லிசு என்பதால் அதே லூர் இன்னும் ஆழம் போகும், துடிப்பும் தெளிவாகத் தெரியும். ஆனால் நீட்சி இல்லை, ஆகவே வளைகிற கண்ணாடி இழை ராடு வேண்டும். பிரெய்டு போடுவதானால் ஸ்பூல் முழுக்கப் பிரெய்டு சுற்றிக் காசைக் கரைக்காதீர்கள். 0.23 மி.மீ. பிரெய்டு, 0.40 தங்கூசி கொள்கிற இடத்தில் மூன்று மடங்கு நீளம் கொள்ளும். அறுநூறு மீட்டர் யாருக்கு வேண்டும்? அடியில் தங்கூசியைச் சுற்றி, மேலே 150 மீட்டர் பிரெய்டு கட்டினால் செலவும் மிச்சம். வெறும் உலோக ஸ்பூலில் பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுற்றுகிற தொல்லையும் இருக்காது.

எந்த ரீல் என்று பெயர் கேட்பீர்கள். கவுண்டரோடு வருகிறவற்றில் ஒகுமா மாக்டா, டாய்வா அக்குடெப்த் இரண்டும் விலை குறைந்த வரிசை, ஷிமானோ டெகோட்டா மேல்வரிசை. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்க வேண்டாம். கவுண்டர் இல்லாததில் பென் வார்ஃபேரின் லெவல் விண்டு மாடல் எனக்குப் பிடிக்கும். கிராஃபைட் உடம்பு, துருப்பிடிக்காது. உள்ளே அவர்களுடைய ஹெச்டி-100 (HT-100) கார்பன் டிராக். புதியது உங்கள் பணத்தைத் தாண்டலாம், தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அபு கார்சியாவின் அம்பாசடர் 6500 இன்னொரு நல்ல ரீல். ஸ்வீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921ல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கிய கம்பெனி அது. டாக்ஸி மீட்டர்கூடச் செய்திருக்கிறார்கள். அந்தக் கைத்திறனை அவர்களுடைய பழைய ரீல்களைத் திறந்தாலே பார்க்கலாம், ஒவ்வொரு திருகும் அதனதன் இடத்தில் உட்காரும். அதைவிட நமக்கு முக்கியம், இந்த வடிவம் பல பத்தாண்டுகளாக அதிகம் மாறாததால் உதிரி பாகம் கிடைப்பது.

இணையத்தில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வருகிற சீன உருண்டை ரீல்களையும் நான் ஒதுக்கமாட்டேன். அதில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு, ஒரே பெயரில் இரண்டும் வருவதும் உண்டு. அப்படி வாங்கினால் திருப்பி அனுப்புகிற வசதி உள்ள இடத்தில் வாங்கி, வந்த அன்றே மேலே சொன்ன தராசுச் சோதனையைச் செய்யுங்கள். கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், இரண்டு பக்கத் தட்டையும் விரலால் நெருக்கிப் பாருங்கள். நெளிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, உருண்டை ரீல்கள் பெரும்பாலும் வலதுகையால் சுற்றுகிறவை. ஸ்பின்னிங் ரீலில் இடதுகையால் சுற்றிப் பழகியவர் என்றால் இடதுகை மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் 4000 ஸ்பின்னிங் ரீல் போதுமா என்றால், தொடங்குவதற்குப் போதும். அதன் டிராக் நன்றாக இருந்தால் இந்தப் பருவம் முழுக்க அதிலேயே ஓட்டலாம். குறை என்னவென்றால் நரம்பை அளந்து விடுவது சிரமம், நரம்பைப் பிடித்திருக்கிற பெயில் கம்பியைத் திறந்தால் கட்டுப்பாடில்லாமல் போகும். ஹோல்டரில் நிற்கும்போது டிராக் சத்தமும் மெல்லிசு. மணிக்கணக்கில் லூரை இழுத்துக்கொண்டே சுற்றினால் அந்தக் கம்பியில் நரம்பு உருளுகிற லைன் ரோலர் தேயும். என்ன ரீல் ஆனாலும் ராடின் அடியிலிருந்து கயாக்குக்கு ஒரு கயிறு கட்டிவிடுங்கள். ஹோல்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன ராடு திரும்பி வராது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. அணைகள் நீர்ப்பாசனத் துறையின் கையில் இருப்பவை, மீன்பிடி உரிமை மீன்வளத் துறையின் வழியாகக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போவது வழக்கம், 2010ன் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டமும் இருக்கிறது. பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். மற்ற இடங்களில் படகை இறக்குமுன் அணை அலுவலகத்திலும், அங்கே வலை போடுகிற சங்கத்துக்காரர்களிடமும் கேளுங்கள். அவர்கள் பிழைப்பு அந்தத் தண்ணீர். அவர்கள் வலை கட்டியிருக்கிற இடத்தில் லூரை இழுத்து வலையைக் கிழிக்கக்கூடாது. மரியாதையாகக் கேட்டால், எங்கே கட்டை கிடக்கிறது, எங்கே பழைய ஆற்றுக் குழி ஓடுகிறது என்பதுவரை சொல்லித் தருவார்கள், எந்தச் சோனார் கருவியும் அவ்வளவு சொல்லாது.

கடைசியாக அந்தக் கல்ஃப் ரீல். பாலக்காட்டில் வீட்டுக்கு ஒருவர் மஸ்கட்டிலோ துபாயிலோ இருந்தவர்தான், நல்ல ரீல்கள் இந்த வழியாகத்தான் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அவை கடலைப் பார்த்த ரீல்கள். வெளியே துடைத்துப் பளபளப்பாக இருக்கும், உள்ளே உப்பு தின்றிருக்கும். ரீலின் பாதம் ராடில் உட்காருகிற இடத்தைப் பாருங்கள், திருகுகளின் தலையைச் சுற்றிப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உள்ளேயும் அதுதான். ஸ்பூலை ஃப்ரீயாக விட்டு விரலால் சுண்டுங்கள், காதருகே வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடுகிற சத்தம் வந்தால் பேரிங் போயிற்று, பேரிங் மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம். நட்சத்திரச் சக்கரத்தை முழுக்கத் தளர்த்தி, பிறகு இறுக்குங்கள். தளர்த்தியும் ஸ்பூல் நழுவாவிட்டால், டிராக்கை இறுக்கியபடியே வருடக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்து வாஷர்கள் ஒட்டிப்போயிருக்கின்றன. வாஷர் கிடைக்கிற மாடலாக இருந்தால் அதைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். முக்கியமாக, அது ஐம்பது பவுண்டு நரம்புக்குச் செய்த பெரிய கடல் ரீலா என்று பாருங்கள். அப்படியானால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம், கயாக்கில் அதைத் தூக்கிக்கொண்டு உட்காரவே முடியாது. பார்க்கப் போகும்போது தராசையும் எடுத்துப் போங்கள். பக்கத் தட்டில் இருக்கிற மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், உதிரி கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.